அவித்த காளான் பைகள்

மகனுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குகிற பழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்பது வாசிக்க வாசிக்க உனக்கே விளங்கும். இதைக் கொண்டுவந்து உன் கையில் தந்தவரைக் கண்டு திகைத்திருப்பாய். ஓம், உன் பெரியப்பாதான், உன் அப்பாவோடு கூடப்பிறந்த அண்ணன்தான். மூன்று வருடமாக நான் முகம் பார்த்துக் கதைக்காத மனிதரைப் பிடித்து, கிளிநொச்சியில் பஸ் ஏற்றி, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி, பயணத்துக்காக நீ தங்கியிருக்கிற வவுனியாவுக்கு அனுப்பியிருக்கிறேன். கடிதத்தை வேண்டுமென்றுதான் ஒட்டவில்லை. என் மனதில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை வரும் வழியெல்லாம் அவர் வாசித்துக்கொண்டு வரட்டும். நீ வாசித்து முடிக்கும்வரை அவருக்குக் கதிரை கொடுக்காதே, நிற்கட்டும். நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. அப்படியென்றால் தேத்தண்ணியாவது கொடுக்காதே.

வியாழக்கிழமை உனக்கு விமானம். கட்டாரில் ஏதோ களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை என்று சொன்னாய். ரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை பெட்டி அடுக்கப் போவதற்கு நீ சொன்ன காரணம் ஒன்றுதான்: பெரியப்பாவின் சாயத் தொட்டியில் உன் காளான் வேலை செய்யவில்லை, ஊரே பார்க்க நீ தோற்றுப்போனாய், இனி உனக்கு இந்தப் படிப்பு சரிவராது. மகன், நீ தோற்கவில்லை. நான்தான் உன்னைத் தோற்கடித்தேன். அந்தத் தொட்டியில் நீ இறக்கிய காளான் பைகள் முழுவதையும், இறக்குவதற்கு முதல் நாளே நான் அவித்துவிட்டேன். இதை எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்தேன், இது நாலாவது. எப்படி நடந்தது என்று முழுவதும் சொல்கிறேன். நீ வாசித்துவிட்டு என்னோடு எவ்வளவு கோபித்தாலும் சரி, ஆனால் கடைசிவரை வாசி.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. உன் அப்பப்பா வெட்டி இரண்டு மகன்மாருக்கும் சரிபாதியாக எழுதிக் கொடுத்தது. திங்கள், புதன், வெள்ளி எங்கள் இறைப்பு, மற்ற நாள் அவர்களுடையது. போர் நின்று பாதை திறந்த அடுத்த வருடம் பெரியப்பா தன் பக்கத்துக் காணியில் சாயக் கொட்டில் போட்டார். வவுனியாவில் இருந்து வெள்ளை நூல் வரும். ஆம்பிளைகள் உடுக்கிற சாறம் நெய்வதற்குச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தோய்த்துத் திருப்பி அனுப்புவார். ஆறு பெட்டைப்பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோய்த்த தண்ணீரை விட என்று கிணற்றுக்கு இருபது அடி தள்ளிக் கிடங்கு வெட்டினார் பார், அங்கேதான் வினை தொடங்கியது. உன் அப்பா போய்ச் சொன்னார், "அண்ணை, மேலைதான் வேலி. மண்ணுக்குக் கீழை வேலி இல்லை." அதற்கு உன் பெரியப்பா, "என்ரை காணியிலை நான் கிடங்கு வெட்டுறதுக்கு உன்னட்டைக் கேக்கவேணுமே?" என்றார். உன் அப்பா திரும்பி வந்துவிட்டார். அவருக்கு அண்ணன் என்றால் கோவில். மாரி மழை விழுந்ததோடு கிணற்றுத் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் ஆனது. எங்கள் மிளகாய்க் கன்றுகள் நுனி கருகி நின்றன. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை, என்னையும் திறக்க விடவில்லை.

அந்தத் தை மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு நடந்ததை நீயும் கண்டாய். உடலைக் குளிப்பாட்ட வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளவேண்டும் என்பது எங்கள் வழக்கம். பக்கத்து வளவுக்காரர் நல்ல மனதோடு, "இந்தத் தண்ணியிலை வேண்டாம், எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ" என்றார். பெரியப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை கிணறு இருக்க அயலிலை போய்த் தண்ணி கேட்டு என்ரை தம்பியைக் குளிப்பாட்டுறதோ? நிறந்தானே. தண்ணிக்கு ஒரு குறையும் இல்லை" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். நீதான் அள்ளிக்கொண்டு வந்தாய். குளிப்பாட்டி முடித்துப் புது வெள்ளை வேட்டியை உடுத்தியபோது, ஈரம் பட்ட இடமெல்லாம் ரோசாப்பூ நிறத்தில் ஊறிக்கொண்டு வந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருகணம் நிறுத்திவிட்டு ஆளை ஆள் பார்த்தார்கள். ஒரு வாயும் வேட்டி மாற்றச் சொல்லவில்லை. அப்படியே கொண்டுபோய் எரித்தோம். பகட்டுக்கு ஒரு சொல் சொன்ன மனிதர் அந்த வேட்டியைப் பார்த்துத் தலைகுனிந்தாரா என்றால், இல்லை. பறைமேளக்காரருக்குச் சோடா வாங்க ஆள் அனுப்பிக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் மனதில் ஒன்று முடிந்து வைத்தேன். இதே தண்ணீருக்கு முன்னால், இதே ஊர் பார்க்க, இந்த மனிதர் வாயடைத்து நிற்கவேண்டும். அதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது என்று.

அதற்குப் பிறகு சீவியத்துக்காக மாதர் சங்கத்துக் காளான் வகுப்புக்குப் போனேன். மரத்தூளும் தவிடும் கலந்து பொலித்தீன் பையில் அடைத்து, பீப்பாயில் அவித்து, ஆறவிட்டு, சிப்பிக் காளான் வித்துப் போட்டு, கிடுகுக் கொட்டிலில் அடுக்கினேன். மூன்று தரம் காளான் பறித்த பிறகு பைக்குள் வெள்ளைப் பூஞ்சணம் மட்டும் கிடக்கும். அதை என்ன செய்வதென்று தெரியாமல், பெரியப்பாவின் கிடங்குத் தண்ணீர் கசிந்து தேங்குகிற வேலியோரப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அவருடைய அழுக்கை என்னுடைய குப்பையால் மூடலாம் என்ற எண்ணம்தான், வேறொரு புத்தியும் எனக்கு இருக்கவில்லை. ஒரு கிழமையால் நீ வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். சுற்றி எங்கும் சிவப்பு, பைகள் கிடந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பாலில்லாத பிளேன்ரீயின் நிறம். சிவந்து கிடந்த பூஞ்சணம்கூடத் திரும்ப வெளுத்துக்கொண்டிருந்தது. "அம்மா, இது சாயத்தை உறிஞ்சேல்லை, தின்னுது" என்றாய். மரத்தைத் தின்கிற பூஞ்சணம் மரத்தைப் பிரிக்க ஒரு சாற்றை விடுகிறது, அதே சாறுதான் சாயத்தையும் பிரிக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். அப்பா செத்த பிறகு நீ சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு குசினி அலுமாரி முழுக்க உன் ஜாம் போத்தல்கள். சிவப்புக்கு ஒரு வரிசை, பச்சைக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு போத்தலில் உயிருள்ள பூஞ்சணம், இன்னொன்றில் அவித்த பூஞ்சணம். நல்லதை ஏன் அவித்துப் பழுதாக்குகிறாய் என்று நான் ஏசினேன். நீ ஆறுதலாகச் சொன்னாய், "செத்ததையும் வைச்சுப் பாக்கவேணும் அம்மா. அப்பத்தான் உயிர்தான் வேலை செய்யுதெண்டு நிச்சயமாய்ச் சொல்லலாம்." அவித்த போத்தல் முதல் நாள் கொஞ்சம் வெளுத்தது, பிறகு நின்ற நிலையிலேயே நின்றது. உயிருள்ளது நாலு நாளில் வைக்கோல் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. குடிக்கலாமா என்று கேட்டேன். "நிறம் போனால் நஞ்சும் போச்செண்டு அர்த்தமில்லை, அதையும் சோதிக்கவேணும்" என்றாய். நிறந்தானே என்று சொன்ன மனிதருக்கும் உனக்கும் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆனால் அன்றைக்கு நீ படிப்பித்த பாடத்தை நான் எதற்குப் பாவிக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

போன வருடம் ஊர்ச் சங்கம் ஒருவழியாகக் கூடி, தண்ணீர் தெளியும்வரை சாயக் கொட்டில் நடத்தக்கூடாது என்று பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தச் சந்தோசம் இரண்டு நாள் நிற்கவில்லை. நீ சங்கத்தில் எழும்பி, "நான் தெளிய வைக்கிறன்" என்றாயே. வீட்டுக்கு வந்த உன்னை நான் விட்டுவைக்கவில்லை. "உன்ரை அப்பாவின்ரை வேட்டியை மறந்திட்டியோ?" என்று கேட்டேன். "மறக்கேல்லை அம்மா. அதாலைதான் செய்யிறன். கொட்டிலை மூடினால் கிணறு தெளியுமே? கீழை ஊறினது ஊறினதுதான். எல்லாத்தையும் சேர்த்துத் தெளிய வைக்கவேணும்" என்றாய். நியாயம்தான். நியாயம் எனக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை. நீ கொட்டிலில் கழிவுத் தண்ணீர் விழுகிற சீமெந்துத் தொட்டியின் அளவு எடுத்தாய், கம்பிவலைக் கூடை பின்னினாய், எத்தனை பை வேண்டும், தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்று கொப்பி நிறையக் கணக்கு எழுதினாய். பல்கலைக்கழக வளாகத்து விரிவுரையாளர் ஒருவர் பைகள் இறக்கி நாலாம் நாள் வந்து பார்ப்பதாகவும், சரிவந்தால் தன் ஆய்வுகூடத்தில் உன்னைச் சேர்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அதையும் தெரிந்துகொண்டுதான் நான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

பைகளை எடுத்து வைத்துவிட்டு நீ குழாய் வாங்கக் கிளிநொச்சிக்குப் போன பகல், நான் பீப்பாய்க்கு அடுப்பு மூட்டினேன். வித்துப் போடுவதற்கு முன் எப்படி அவிப்பேனோ அப்படியே, மூடி போட்டு, ஆவி பிடித்து, நாலு மணித்தியாலம். நாற்பது பையையும் ஒரே தரத்தில் அவித்து, பைகளின் வேர்வை துடைத்து, ஆறவிட்டு, இருந்த இடத்திலேயே அடுக்கினேன். வெளியில் பார்க்க வித்தியாசம் தெரியாது, வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றும்போது நீ மூக்கைச் சுளித்து, "அம்மா, என்ன ஒரு மாதிரி அவியல் மணம்?" என்று கேட்டாய். "பழைய பை அப்பிடித்தான் மணக்கும்" என்றேன். நீ நம்பினாய். பெற்ற தாய் சொன்னால் பிள்ளை நம்பாமல் வேறென்ன செய்யும்.

தொட்டியடியில் நடந்ததை நீ என்னைவிட நன்றாக அறிவாய். முதல் நாள் தண்ணீர் கொஞ்சம் வெளுத்தது, உன் முகமும் தெளிந்தது. இரண்டாம் நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் நாறத் தொடங்கியது. நீ சாப்பிட வரவில்லை, தொட்டி விளிம்பில் குந்திக்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் போத்தலில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாய். நாலாம் நாள் சங்கத்தாரும் விரிவுரையாளரும் வந்தபோது தொட்டி இரத்தம் போல் கிடந்தது. பெரியப்பா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல் இல்லாமல் நின்றார். நான் முடிந்து வைத்தது அப்படியே நடந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண் நிறையப் பார்த்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், இனித்தது. அவர் கொட்டிலை மூடிப் பூட்டியதும் இனித்தது, சாயம் காய்ச்சும் கிடாரத்துக்குள் கோழி முட்டை இட்டதும் இனித்தது. எட்டு மாதம் ஒவ்வொரு விடியலும் அந்தக் கோழியின் கொக்கரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தேன். விரிவுரையாளர் உன் தோளில் தட்டிவிட்டுப் போனதையும் கண்டேன்தான். பெடியன் கெட்டிக்காரன், வேறு வழி பிடிப்பான் என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகவேண்டும் என்பார்கள். நான் என் மூக்கைக்கூட அறுக்கவில்லை மகன், உன்னுடையதை அறுத்திருக்கிறேன். அது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது. நீ பெட்டி கட்டும்போது கொப்பிகளை என்னிடம் தந்து, "அடுப்பு மூட்ட எடுங்கோ அம்மா" என்றாய். நீ வவுனியாவுக்குப் பஸ் ஏறிய பிறகு ஒன்றைக் கிழிக்க எடுத்தவள், கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். "நான் விட்ட பிழைகள்" என்று தலைப்புப் போட்டு ஏழு காரணம் எழுதியிருந்தாய். தொட்டி ஆழம் கூடிப்போச்சு, காற்றுக் காணாது, சாயத்தில் உப்பு அதிகம், போத்தலில் வந்ததை வைத்துப் பெரிதாக நம்பியது என் அவசரம், இப்படி ஏழு. ஒவ்வொன்றுக்கும் கீழே கணக்குப் போட்டு, அடித்து, திரும்பப் போட்டிருந்தாய். பைகள் செத்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. எல்லாப் போத்தலுக்கும் அவித்ததை வைத்துச் சரிபார்த்த பிள்ளை, அம்மா கை பட்டதை மட்டும் சரிபார்க்கவில்லை. குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அப்பாவின் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

நேற்றுச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குத் தொட்டியடியில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பெரியப்பாவும் மூலையில் இருந்தார். எழும்பி நின்று சொன்னேன், "அண்டைக்குப் பெடியன் இறக்கின பை நாப்பதும் செத்த பை. அவன் கிளிநொச்சிக்குப் போன நேரம் பாத்து நான்தான் அவிச்சனான். அவன்ரை கணக்கிலை ஒரு பிழையும் இல்லை." தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன கதை அக்கா இது? ஏன் செய்தனீங்கள்?" என்று கேட்டார். நான் மூலையைக் காட்டி, "அவரைக் கேளுங்கோ. என்ரை மனுசனை என்ன தண்ணியிலை குளிப்பாட்டினதெண்டு கேளுங்கோ" என்றேன். உன் பெரியப்பா மூலையில் இருந்து எழும்பினார். பிறகு என்னைப் பார்த்து, மூன்று வருடத்தில் முதல்தரம், "பிள்ளை, அந்த வேட்டியை மாத்தச் சொல்ல எனக்கு அண்டைக்கு வாய் வரேல்லை. மாத்தினால் பிழை என்ரையெண்டு ஆகியிடுமெண்டு நிண்டிட்டன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்டதாக நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல் மூன்று வருடம் பிந்தி வந்தது, என் நெருப்பு அதற்கு அணையாது.

இந்த மனிதர் விடவில்லை பார். கூட்டம் கலைந்த பிறகு படலைவரை பின்னால் வந்து, "உயிருள்ள பை இருக்கே?" என்று கேட்டார். "இருக்கு. அறுவது. உங்களுக்கில்லை" என்றேன். "அப்ப ஆருக்கு?" என்றார். "காளான் என்ரை, கணக்கு அவன்ரை. அவன் வந்து நிண்டு இறக்கினால் இறங்கும். இல்லாட்டி உங்கடை கிடாரத்திலை கோழி பேரப்பிள்ளையும் காணட்டும்" என்றேன். "அவன் வெளிநாட்டுக்கெல்லோ போறான்" என்றார். "அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள்தான் போகவேணும்" என்றேன். அப்படித்தான் இந்தக் கடிதம் அவர் கையில் வந்தது. வயது அறுபத்தைந்து, முழங்கால் வருத்தம் வேறு. சோதனைச்சாவடியில் வெயிலில் வரிசையில் நின்றிருப்பார். எனக்கு இரக்கம் வரவில்லை.

இந்த வயதில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, இருந்தாலும் தாய் என்பதால் சொல்லுகிறேன். ஆரையும் மன்னி என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்கே வராத வித்தை. ஆனால் ஒருவர் மேல் கல்லை எறிய முன், அந்தப் பக்கத்தில் உன் ஆள் ஆர் நிற்கிறது என்று பார்த்து எறி. நான் பார்க்கவில்லை. பார்த்தும் எறிந்தேன் என்றால் இன்னும் சரி. அதற்காக என்னோடு நீ கதைக்காமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். விரிவுரையாளருக்கும் இதே விபரத்தைத் தனியாக எழுதி, உன் கொப்பியின் கணக்குப் பக்கங்களைப் பார்த்து எழுதிச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்து அவருக்கு விளங்குமோ தெரியாது. தொட்டியை இன்னொருதரம் வந்து பார்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

இப்போது இருக்கிற நிலையைச் சொல்லி முடிக்கிறேன். வியாழக்கிழமை நீ விமானம் ஏறினால், மூன்று வருடமாக நான் கேட்டது எனக்கு முழுதாகக் கிடைத்துவிடும். அந்தக் கொட்டில் இனித் திறக்காது, உன் பெரியப்பா தோற்றவராகவே சாவார். நீ திரும்பி வந்தால் அவர் வென்றுவிடுவார். தொட்டி தெளியும், பெட்டைகள் வேலைக்கு வருவார்கள், அவர் முற்றத்தில் நின்று மீசையைத் தடவுவார், அதை நான் என் கண்ணாலே பார்க்கவேண்டி வரும். எனக்கு அது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி.

குடிக்கிறேன். நீ வந்துவிடு.

அம்மா